இணையத்தில் பிரிட்ஜ்: ரோபோவோடு ஆடுவதா, மனிதர்களோடு ஆடுவதா?

கேள்வி இது: பிரிட்ஜ் சீட்டாட்டத்தின் விதிகள் தெரியும், ஏலமும் ஓரளவு கேட்க வரும், ஆனால் நேரில் ஆட நான்கு பேர் சேர்வதில்லை. இணையத்தில் ரோபோக்களோடு ஆடிப் பழகினால் போதுமா, இல்லை முன்பின் தெரியாத மனிதர்களோடு உட்கார்ந்துதான் ஆக வேண்டுமா? ரோபோ ஆட்டத்தில் சீட்டு நியாயமாகத்தான் விழுகிறதா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தச் சந்தேகம் மனத்தில் இருக்கும்வரை, தோற்ற ஆட்டத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சீட்டு நியாயமாகத்தான் விழுகிறது. 52 சீட்டை நான்கு பேருக்குப் பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கை 29 இலக்கம் கொண்டது. கணினி அதில் ஏதோ ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துத் தருகிறது. நம் கண்ணுக்கு அது கோணலாகத் தெரியக் காரணம் வேறு. கையால் கலைக்கும்போது நாம் போதுமான அளவு கலைப்பதில்லை. முந்தைய ஆட்டத்தில் ஒரே இனமாக (எல்லாம் இஸ்பேட் என்பதுபோல) விழுந்த நான்கு நான்கு சீட்டுகள் சேர்ந்தே கிடக்க, அவை ஆளுக்கொன்றாகப் போய்ச் சேர்கின்றன; எல்லார் கையும் தட்டையாக அமைகிறது. ஒரு கட்டை ஒழுங்காகக் கலைக்க ஏழு முறை இரு பாதியாகப் பிரித்துச் செருக வேண்டும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிசும் 1992இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். மூன்று முறை கலைத்துவிட்டுப் போடும் கட்டோடு பழகியவருக்கு உண்மையான கலப்பு விபரீதமாகத்தான் தோன்றும்.

எண்களும் மனத்தில் இருக்கட்டும். எதிராளிகளிடம் ஒரு இனத்தில் 5 சீட்டு இருந்தால் அது 3-2 ஆகப் பிரிவது 68 சதவீதம், 4-1 ஆகப் பிரிவது 28 சதவீதம், 5-0 கிட்டத்தட்ட 4 சதவீதம். அதாவது மூன்றில் ஒரு முறை பிரிவு உங்களுக்கு எதிராகத்தான் இருக்கும். 6 சீட்டு இருந்தால் 3-3 வருவது 36 சதவீதம்தான். 4-2 வருவதற்கே 48 சதவீத வாய்ப்பு. இது தெரிந்துவிட்டால் "ரோபோ என் சீட்டைப் பார்த்துத்தான் ஆடுகிறது" என்ற எண்ணம் போய்விடும்.

சரி, இப்போது பெரிய கேள்வி. என் பதில்: இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே வேலைக்கு உதவாது. ஒப்பந்தத்தை (இத்தனை பிடி எடுப்பேன் என்று ஏலத்தில் ஒப்புக்கொண்டதை) எடுத்து, டம்மியைப் (மேசையில் திறந்து வைக்கும் கூட்டாளியின் கையைப்) பார்த்து, 13 பிடிகளையும் (நால்வரும் ஆளுக்கொரு சீட்டுப் போடும் சுற்றுகளையும்) திட்டமிட்டு ஆடும் பயிற்சிக்கு ரோபோவைப் போன்ற துணை இதுவரை இருந்ததில்லை. கூட்டாளியின் மனத்தைப் படிப்பதற்கும், எதிராளியின் ஒப்பந்தத்தை முறியடிக்க ஆடும் தடுப்பு ஆட்டத்தில் ஒரு சிறு சீட்டால் செய்தி சொல்வதற்கும் மனிதர்தான் வேண்டும். ஏன் இப்படிப் பிரிகிறது என்பதை விளக்க, ரோபோ எப்படி யோசிக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இணையத்தில் மனிதர்களை மேசையில் சேர்த்த முதல் முக்கியமான ஏற்பாடு 1990இல் வந்த ஓகேபிரிட்ஜ். பிரெட் கிடெல்மேன் தொடங்கிய பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் 2001இல் வந்தது. இன்று பெரும்பாலோர் ஆடுவது அங்கேதான். அங்கே உட்காரும் ரோபோவின் பெயர் ஜிப். மேத்யூ கின்ஸ்பெர்க் உருவாக்கிய இந்த நிரல் 1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டும் கணினிகளுக்கான உலக பிரிட்ஜ் போட்டியில் வென்றது. 1998இல் பிரான்சின் லீல் நகரத்தில் உலகத் தரமான ஆட்டக்காரர்களோடு சீட்டாடும் திறனை மட்டும் சோதித்த ஒரு போட்டியிலும் கலந்துகொண்டு 34 பேரில் 12ஆவதாக வந்தது. ஆகவே அதைச் சின்னப் பிள்ளை என்று நினைக்க வேண்டாம். பன்பிரிட்ஜ் செயலியில் இருப்பது ஆர்ஜீன் என்ற வேறொரு ரோபோ.

ஜிப்பின் அடிப்படை வழி இது: தான் பார்க்கும் சீட்டு, அதுவரை நடந்த ஏலம், விழுந்த சீட்டுகள் இவற்றுக்குப் பொருந்தும்படி மறைந்திருக்கும் கைகளைப் பல விதமாகக் கற்பனை செய்துகொள்கிறது. ஒவ்வொரு கற்பனையிலும் நான்கு கையும் திறந்து கிடப்பதாக வைத்துக்கொண்டு, எந்தச் சீட்டை ஆடினால் எத்தனை பிடி என்று துல்லியமாகக் கணக்குப் போடுகிறது. சராசரியில் எது நல்லதோ அதை இறக்குகிறது. பலமும் இதுதான், ஓட்டையும் இதுதான். "நான்கு கையும் திறந்து கிடக்கிறது" என்று எண்ணுபவருக்குத் தகவலின் விலை தெரியாது.

ஒரு கையை வைத்துக் காட்டுகிறேன். நீங்கள் தெற்கு, 3 நோ ட்ரம்ப் ஒப்பந்தம், அதாவது துருப்பு இனம் இல்லாமல் 9 பிடி வேண்டும். உங்கள் கை: இஸ்பேட்டில் ஏஸ், ராஜா, 6; ஹார்ட்டினில் ஏஸ், 7, 4; டைமனில் ஏஸ், ஜாக்கி, 10, 5; கிளாவரில் ராஜா, 8, 3. டம்மியில் இஸ்பேட் ராணி, 7, 3. ஹார்ட்டின் 8, 5. டைமன் ராஜா, 9, 8, 2. கிளாவர் ஏஸ், 7, 6, 4. மேற்கு ஹார்ட்டின் 6ஐ இறக்குகிறார், கிழக்கு ராணியைப் போடுகிறார்.

எண்ணுங்கள். இஸ்பேட்டில் 3, ஹார்ட்டினில் 1, கிளாவரில் 2, டைமனில் 2, மொத்தம் 8. ஒன்பதாவது டைமனில்தான் வர வேண்டும். டைமன் ராணி யாரிடம் என்று தெரியாது, ஆனால் இரண்டு பக்கமும் பினெஸ் போடலாம் (ராணி ஒரு பக்கம் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதைவிடச் சிறிய சீட்டால் பிடி எடுக்கப் பார்ப்பது). இங்கே பெரும்பாலான புதியவர்கள் ஹார்ட்டின் ஏஸை உடனே எடுத்துவிட்டு, ராணி யாரிடம் என்று ஊகிக்கத் தொடங்குவார்கள். ஊகம் தப்பினால் எதிராளிகள் நான்கு ஹார்ட்டினை எடுத்துவிடுவார்கள், ஒப்பந்தம் ஒன்று குறையும்.

சரியான வழி ஏஸைப் பிடித்து வைத்திருப்பது. முதல் பிடியைக் கொடுங்கள். கிழக்கு ஹார்ட்டின் 10ஐத் திருப்பி ஆடினால் அதையும் கொடுங்கள். மூன்றாவது முறை கிழக்கு 2ஐ ஆடும்போது ஏஸை எடுங்கள். எதிராளிகளிடம் இருந்த 8 ஹார்ட்டினும் 5-3 ஆகப் பிரிந்திருந்தால், கிழக்கிடம் இப்போது ஹார்ட்டினே இல்லை. இனி கிழக்கு பாதுகாப்பான கை, மேற்கு ஆபத்தான கை. டைமன் ஜாக்கியை உங்கள் கையிலிருந்து ஆடி, மேற்கு சிறியது போட்டால் டம்மியிலும் சிறியதைப் போட்டு ஓட விடுங்கள். ராணி மேற்கிடம் இருந்தால் நல்லது. கிழக்கிடம் இருந்தால் அவர் எடுத்துக்கொள்ளட்டும். திருப்பி ஆட ஹார்ட்டின் கிடையாது, உங்களுக்கு டைமனில் மூன்று பிடி வந்துவிட்டது, மொத்தம் 9. ஹார்ட்டின் 4-4 ஆகப் பிரிந்திருந்தாலும் பயமில்லை. கொடுப்பது மூன்று ஹார்ட்டினும் ஒரு டைமனும்தான். ஊகிக்க வேண்டிய கை ஊகமே இல்லாத கையாக மாறிவிட்டது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. மேற்கிடம் 5 ஹார்ட்டின் என்றால் அவர் கையில் மற்ற இனங்களுக்கு 8 இடம்தான், கிழக்கிடம் 10 இடம். வாய்ப்புக் கணக்கு மட்டும் பார்த்தால் ராணி கிழக்கிடம் இருக்கவே சாத்தியம் அதிகம். அந்தக் கணக்கை நம்பி கிழக்கைக் குறிவைத்து பினெஸ் போட்டு, ராணி மேற்கிடம் இருந்துவிட்டால் ஒப்பந்தம் போயிற்று. இங்கே வாய்ப்பைவிடப் பாதுகாப்புதான் பெரிது.

இதே கையை, கைகள் திறந்து கிடப்பதாக மட்டும் எண்ணும் ஒரு நிரலிடம் கொடுத்துப் பாருங்கள். அதன் ஒவ்வொரு கற்பனையிலும் ராணி எங்கே என்று அதற்குத் தெரியும். ஆகவே ஏஸை முதல் பிடியில் எடுத்தாலும் மூன்றாவது பிடியில் எடுத்தாலும் முடிவு ஒன்றுதான் என்று கணக்குச் சொல்லும். ஏஸைப் பிடித்து வைப்பதன் பயன் அந்தக் கணக்கில் தென்படவே தென்படாது. இந்தக் குறையைச் சரிசெய்யப் பல ஒட்டுவேலைகள் செய்திருக்கிறார்கள், ஆனாலும் இந்தச் சாயல் ரோபோக்களிடம் அங்கங்கே தெரியத்தான் செய்யும்.

ரோபோ எதிராளியாக இருக்கும்போது இது உங்களுக்கு எப்படிப் புரியும் என்றால், டைமன் ராணியை வைத்துக்கொண்டே அது டைமனை இறக்கும். "எப்படியும் கண்டுபிடித்துவிடப் போகிறார், ஆடினால் என்ன" என்பது அதன் கணக்கு. மனிதர் ஒருவர் அந்த இடத்தில் டைமனைத் தொடவே மாட்டார். அதேபோல ரோபோ கழிக்கும் சிறு சீட்டுகளில் செய்தி தேடாதீர்கள். நம் கையில் மேலே சொன்ன கிழக்கு மனிதர் என்றால், அவர் 10ஐயும் அப்புறம் 2ஐயும் திருப்பி ஆடியதே "எனக்கு முதலில் மூன்று ஹார்ட்டின் இருந்தது" என்று தன் கூட்டாளிக்குச் சொல்லும் முறை. மிச்சமிருக்கும் இரண்டில் பெரியதை முதலில் ஆடுவது வழக்கம். நான்கு இருந்திருந்தால் சிறியதைத் திருப்பியிருப்பார். அந்தப் பேச்சை நீங்களும் ஒட்டுக் கேட்கலாம். ரோபோவோடு மட்டும் மாதக்கணக்கில் ஆடுபவர்களுக்கு இந்தக் காது மழுங்கிவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

கூட்டாளியாக ரோபோ உட்காரும்போது பிரச்சினை வேறு விதம். சீட்டை விட ஏலத்தில்தான் விபத்து நடக்கிறது. பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனின் ரோபோ ஆடுவது டூ ஓவர் ஒன் என்ற ஏல முறை. நீங்கள் 1 இஸ்பேட் என்று தொடங்கி அது 2 கிளாவர் என்றால், கேம் (பெரிய போனஸ் தரும் ஒப்பந்த அளவு) வரை நிறுத்தக்கூடாது என்று பொருள். ஸ்டாண்டர்ட் அமெரிக்கன் என்ற இன்னொரு ஏல முறையை மட்டும் படித்தவர் அதைப் பத்து பாயிண்ட் (ஏஸ், ராஜா போன்ற பெரிய சீட்டுகளின் மதிப்புக் கூட்டல்) என்று புரிந்துகொண்டு இடையிலேயே நிறுத்திவிடுவார். இதைவிட மோசம், 1 இஸ்பேட்டுக்கு அது ஒரேயடியாக 4 கிளாவர் என்று தாவுவது. கிளாவர் நிறைய இருக்கிறது என்று நினைத்து பாஸ் சொன்னால் கதை முடிந்தது. அதன் பொருள், "இஸ்பேட்டில் நல்ல ஆதரவு இருக்கிறது, கேமுக்குப் பலம் இருக்கிறது, கிளாவரில் ஒன்றோ சுழியோ" என்பது.

இதற்கு மருந்து மிக எளிது, ஆனால் பாதிப் பேர் பயன்படுத்துவதில்லை. ரோபோ சொன்ன ஏலத்தின் மேல் தொட்டால் அதன் விளக்கம் வரும். அதைவிட முக்கியம், நீங்கள் சொல்லப்போகும் ஏலத்தின் விளக்கத்தையும் சொல்வதற்கு முன்பே பார்க்கலாம். ரோபோ உங்கள் ஏலத்தை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று அது எழுதிக் காட்டும். உங்கள் கை அந்த விளக்கத்துக்குள் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு உறுதி செய்யுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்தாலே ரோபோவோடு வரும் சண்டையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இரண்டு ஏலத்தில் எது பொருத்தம் என்று தெரியாதபோது எளிமையானதைச் சொல்லுங்கள். ரோபோவிடம் சூசகம் எடுபடாது.

ரோபோ போட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஒப்பீடு. ஒரே கையை எல்லாரும் தனித்தனி மேசையில் ஆடுகிறார்கள். எல்லா மேசையிலும் மற்ற மூவரும் அதே ரோபோக்கள். மாறுவது நீங்கள் ஒருவர்தான். ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் என்ன ஒப்பந்தம் எடுத்தார்கள், எந்தப் பிடியில் எந்தச் சீட்டு ஆடினார்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். கூட்டாளி சரியில்லை, எதிராளிக்கு அதிர்ஷ்டம் என்று எதுவும் சொல்ல முடியாது. நான் யாருக்குப் பரிந்துரைத்தாலும் ஆடும் நேரத்தில் பாதியளவு இதைப் பார்ப்பதற்கு ஒதுக்கச் சொல்வேன். உங்களைவிட அதிகம் எடுத்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் பாதை உங்கள் பாதையிலிருந்து எந்தச் சீட்டில் விலகுகிறது என்று மட்டும் கண்டுபிடியுங்கள். அந்தச் சீட்டில்தான் பாடம் இருக்கிறது.

ஒப்பிடும்போது மதிப்பெண் முறையைக் கவனிக்க வேண்டும். மேட்ச்பாயிண்டில் எத்தனை பேரை முந்தினீர்கள் என்பதே கணக்கு. வித்தியாசம் 10 புள்ளியா 1000 புள்ளியா என்பது பொருட்டில்லை. 4 இஸ்பேட் ஆடி 10 பிடி எடுத்தால் 420, 3 நோ ட்ரம்ப் ஆடி 10 பிடி எடுத்தால் 430. அந்த 10 புள்ளிக்காக நோ ட்ரம்ப் ஆடியவர் எல்லா 4 இஸ்பேட்காரர்களையும் முந்திவிடுவார். புள்ளி வித்தியாசத்தின் அளவைப் பார்க்கும் இம்ப் முறையில் அந்த 10க்கு மதிப்பு சுழி. அங்கே பெரிய விஷயம் கேமைத் தவறவிடாமல் இருப்பதும் எடுத்த ஒப்பந்தத்தைக் காப்பதும்தான். நாம் வல்னரபிளாக (கேம் போனஸும் தோற்றால் அபராதமும் கூடுதலாக உள்ள நிலையில்) இருக்கும்போது 4 இஸ்பேட் ஆடி 620 எடுக்க வேண்டிய இடத்தில் 170இல் நின்றுவிட்டால் 10 இம்ப் போகிறது. மேலே காட்டிய கையில் ஜாக்கியை ஓட விடும் பாதுகாப்பு ஆட்டம் இம்ப்பில் கண்ணை மூடிக்கொண்டு ஆட வேண்டியது. மேட்ச்பாயிண்டில் சில கைகளில் கூடுதல் பிடிக்காக ஆபத்தை ஏற்கவும் நேரும். தொடக்கத்தில் இம்ப் ஆடுங்கள் என்பேன். நல்ல பழக்கங்கள் அங்கே உருவாகும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பல ரோபோ போட்டிகளில் மேசையிலேயே அதிகப் பாயிண்ட் உள்ள கையை மனிதருக்குக் கொடுத்துவிடுவார்கள். சுவாரசியமாக இருக்கும், நிறைய ஒப்பந்தங்களை நீங்களே ஆடலாம். ஆனால் நிஜமான பிரிட்ஜில் நான்கில் ஒரு முறைதான் நீங்கள் ஒப்பந்தம் ஆடுவீர்கள், ஒரு முறை டம்மி, மிச்சம் இரண்டு முறை தடுப்பு. பாதி ஆட்டம் தடுப்பு ஆட்டம்! அந்தப் பாதி இந்தப் போட்டிகளில் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடுகிறது. எனவே சாதாரணமாகச் சீட்டுப் பிரிக்கும் போட்டிகளையும் கலந்து ஆடுங்கள்.

கணினி மனிதரை வென்றுவிட்டதா என்றும் பலர் கேட்பதுண்டு. சதுரங்கத்தில் 1997இல் உலகச் சாம்பியனைக் கணினி வென்றது போல இங்கே அதே விதமாக நடக்கவில்லை. 2022 மார்ச்சில் பாரிஸில் நுக்ஏஐ நிறுவனத்தின் நூக் என்ற நிரல் எட்டு உலகச் சாம்பியன்களோடு ஒப்பிடப்பட்டது. 800 கைகள், பத்துப் பத்தாக 80 தொகுதிகள். அதில் 67 தொகுதிகளை நூக் வென்றது. பெரிய சாதனைதான். ஆனால் எல்லாமே 3 நோ ட்ரம்ப் ஒப்பந்தங்கள், இரு தரப்புக்கும் எதிரே தடுத்து ஆடியவை ரோபோக்கள், ஏலமே கிடையாது. கூட்டாளியோடு சேர்ந்து ஏலம் கேட்டு, அவரோடு சேர்ந்து தடுத்து ஆடும் பகுதியை அந்தச் சோதனை தொடவில்லை. பிரிட்ஜின் உயிர் அங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது மனிதர்களிடம் வருவோம். தெரியாத நான்கு பேர் சேரும் பொது மேசைகளில் முதல் அனுபவம் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஒரு கை மோசமானால் ஒருவர் எழுந்து போய்விடுவார், இன்னொருவர் கோபத்தில் ஏதாவது எழுதுவார். அதைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். உட்கார்ந்ததும் வணக்கத்தோடு எந்த முறை ஆடுவீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்: ஸ்டாண்டர்ட் அமெரிக்கன், ஐந்து சீட்டு மேஜர் (இஸ்பேட் அல்லது ஹார்ட்டினில் ஏலம் தொடங்க ஐந்து சீட்டு வேண்டும்), 1 நோ ட்ரம்ப் என்றால் 15 முதல் 17 பாயிண்ட். அது போதும். கை நடுவில் எழுந்து போகாதீர்கள். கூட்டாளி தவறினால் அந்த மேசையில் பேசாதீர்கள். திருத்தம் சொல்லிக்கொள்ளும் உறவு முன்பே ஏற்பட்டிருந்தால் ஒழிய அதனால் யாரும் நன்றாக ஆடியதில்லை.

நேரில் ஆடியவர்களுக்கு இரண்டு வித்தியாசம் உடனே தெரியும். நேரில் கூட்டாளியின் வழக்கத்துக்கு மாறான ஏலத்துக்கு நீங்கள் எதிராளிகளுக்கு எச்சரிக்கை தருவீர்கள். இணையத்தில் உங்கள் ஏலத்துக்கு நீங்களே தர வேண்டும். வழக்கத்துக்கு மாறான பொருள் உள்ள ஏலமானால் அதன் விளக்கத்தை எழுதி அனுப்புங்கள். அது எதிராளிகளுக்கு மட்டும் தெரியும், கூட்டாளிக்குத் தெரியாது. இந்த விஷயத்தில் இணையம் நேர் ஆட்டத்தைவிடச் சுத்தமானது. இரண்டாவது, நேரம். நேரில் ஒருவர் தயங்கினால் அது தயக்கம். இணையத்தில் அது கைபேசி அழைப்பாகவும் இருக்கலாம், இணைப்பு தடுமாறியதாகவும் இருக்கலாம். தாமதத்தை வைத்து ராணி எங்கே என்று முடிவு செய்யாதீர்கள். எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள். விரல் தவறி வேறு சீட்டைத் தொட்டதற்குத் திரும்பப் பெறக் கேட்பதும் கொடுப்பதும் மரியாதை. யோசித்து ஆடிவிட்டுப் பிறகு மனம் மாறியதற்குக் கேட்கக் கூடாது.

கூட்டாளியோடு வேறு வழியில் பேசிக்கொண்டே ஆடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2020இல் நேர் ஆட்டங்கள் நின்று எல்லாரும் இணையத்துக்கு வந்தபோது இந்தத் திருட்டு பெருகியது, உயர்ந்த மட்டத்தில் ஆடியவர்கள் சிலரும் பிடிபட்டார்கள். எல்லாக் கையும் பதிவாகிறது. தடுத்து ஆடுபவர் முதலில் இறக்கும் சீட்டு நூற்றுக்கணக்கான கைகளில் நம்ப முடியாத அளவு சரியாக இருந்தால் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஒரே வீட்டில் இருந்து இருவர் ஆடுவதானால் தனித்தனி அறையில் உட்காருங்கள். முகம் பார்த்து ஆட விருப்பமிருந்தால் காணொளியோடு கூடிய ரியல்பிரிட்ஜ் இருக்கிறது.

உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் சொல்லும் ஏற்பாடு இதுதான். உங்களைப் போலவே கற்றுக்கொண்டிருக்கும் ஒருவரைக் கூட்டாளியாகப் பிடியுங்கள். இருவரும் வடக்கு தெற்காக உட்கார்ந்து, கிழக்கு மேற்கில் இரண்டு ரோபோக்களை உட்கார வையுங்கள். எதிராளிகள் பொறுமையானவர்கள், எழுந்து போக மாட்டார்கள், யாரும் திட்ட மாட்டார்கள். ஏலமும் தடுப்பும் உங்கள் இருவருக்குள் நடக்கும். வாரத்தில் மிச்ச நாட்களில் தனியாக ரோபோ போட்டி ஆடி, ஒப்பந்தம் ஆடும் கையைப் பழக்குங்கள். மாதம் சில முறை நல்ல ஆட்டக்காரர்கள் ஆடும் மேசைக்குப் போய்ப் பார்வையாளராக உட்காருங்கள். ஒருவர் கையை மட்டும் திறந்து வைத்து, அவர் அடுத்து எதை ஆடுவார் என்று நீங்கள் முதலில் முடிவு செய்துவிட்டுப் பாருங்கள்.

கூட்டாளியோடு உட்காரும்போது ஏலம் மட்டும் கேட்டுப் பழகும் மேசையும் கிடைக்கும். அதில் ஒரு மணி நேரத்தில் ஏராளமான கைகளைப் பார்த்துவிடலாம். நீங்கள் ஒன்று நினைக்க அவர் வேறொன்று புரிந்துகொண்ட ஏலங்களை மட்டும் இருவருக்கும் பொதுவான ஒரு கோப்பில் எழுதி வாருங்கள். முதல் பக்கத்தில் 1 நோ ட்ரம்ப்புக்குப் பின் வரும் பதில்கள், அடுத்ததில் எதிராளி இடையில் புகுந்து கேட்டால் என்ன செய்வது, அதற்கடுத்து முதல் சீட்டை இறக்கும் முறை என்று தொடங்குங்கள். அந்த மூன்று பக்கமும் நிரம்பிய பிறகு இருவரும் சேர்ந்து மனிதர்களின் மேசைக்குப் போங்கள்.